அசையாப் பணம்

எங்கள் ஆரியங்கோட்டில் ஒருவன் எவ்வளவு வசதி என்று தெரிய வேண்டுமானால் அவனுடைய பாஸ்புக்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்க்கலாம். முற்றத்துக் கொடியில் எத்தனை ரப்பர் ஷீட் உலர்கிறது என்று எண்ணலாம். கல்யாண வீட்டில் அவன் பெண்டாட்டியின் கழுத்தைப் பார்க்கலாம். எத்தனை சிட்டியில், அதாவது சீட்டில், சேர்ந்திருக்கிறான், எதைப் பிடித்தாயிற்று, எதற்குத் தவணை பாக்கி என்பதை ஜங்ஷன் டீக்கடையில் கேட்டால் போதும். அவனே மறந்துபோனதையும் சேர்த்துச் சொல்லுவார்கள்.

சேமிப்புக் கணக்கு என்று ஒன்று எல்லாருக்கும் உண்டு. அதில் சேமிக்கிற ஆளைத்தான் நான் கண்டதில்லை. அது களியக்காவிளை பஸ் ஸ்டாண்டு போல. பணம் கேரள பஸ்ஸில் வந்து இறங்கும், தமிழ்நாட்டு பஸ்ஸில் ஏறிப் போகும். நிரந்தரமாக அங்கே யாரும் தங்குவதில்லை. தங்கினால் போலீஸ் வந்து விசாரிக்கும்.

அப்படிப்பட்ட எங்கள் பாஸ்புக்கைப் பார்க்கத்தான் இங்கிலாந்து அரசாங்கம் ஆசைப்பட்டது.

மகள் அங்கே நர்ஸ். இந்தப் பக்கத்தில் அது ஒரு செய்தியே அல்ல. பாறசாலை, வெள்ளறடை, காரக்கோணம் என்று எந்த வளைவில் பஸ்ஸை நிறுத்தி, யாருக்கெல்லாம் பிள்ளை வெளிநாட்டில் நர்ஸ் என்று கேட்டாலும் டிரைவர் உட்பட எல்லாரும் கை தூக்குவார்கள். அவள் போனபோது அவளிடம் யாரும் பாஸ்புக் கேட்கவில்லை. வேலைக்கு வருகிறவர் 1,270 பவுண்டு 28 நாள் கணக்கில் வைத்துக் காட்ட வேண்டும் என்று அவர்களுக்கு விதி உண்டு. ஆனால் வேலைக்கு எடுக்கிற ஆஸ்பத்திரி, முதல் மாதச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒப்புக்கொண்டால் அது வேண்டாம். ஆக, ராத்திரி டியூட்டி பார்க்கப் போனவளிடம் கேட்காத கேள்வியை, அவள் வீட்டுச் சோபாவில் சும்மா உட்காரப் போகிற எங்களிடம் கேட்டார்கள். ஒரு வகையில் நியாயம்தான். என் அம்மாவும் விருந்தாளிகளை அப்படித்தான் பார்த்தாள்.

"அப்பா, ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்து அனுப்புங்க."

"அதுல எவ்வளவு கெடக்கணும் மக்களே?"

"அப்படி ஒரு தொகை அவங்க சொல்லல்ல. போதுமான அளவு இருந்தாப் போதும்."

தொகை சொல்லியிருந்தால் எப்படியாவது புரட்டியிருப்பேன். வரதட்சணைக்கே தொகை சொல்லித்தான் கேட்பார்கள். வேலை செய்யாமல், அவர்கள் அரசாங்கத்தின் உதவிப் பணத்தைத் தொடாமல், போய்த் தங்கித் திரும்பி வருவதற்குப் போதுமான பணம் என்பதுதான் அவர்கள் விதி. எது போதும் என்பதைப் பாஸ்புக்கைப் பார்த்து விசா அதிகாரி முடிவு செய்வார். எங்கள் ஊரில் ஒருவர்கூடப் பணத்தைப் பார்த்துப் போதும் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

ஸ்டேட்மென்ட் வாங்க பேங்குக்குப் போனேன். நான் கேரள அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்குகிறவன். எங்களில் பலருக்குப் பென்ஷன் வருவது பேங்குக்கு அல்ல, ட்ரெஷரிக்கு. அரசாங்கக் கஜானாவே நடத்துகிற சேமிப்புக் கணக்கு அது. நெய்யாற்றின்கரை ட்ரெஷரியில் விழுகிற பணம் மாத முதல் வாரத்திலேயே பேங்குக்கு மாறும், அங்கிருந்து அன்றைக்கே கால் முளைத்துப் போகும். ட்ரெஷரி என்றால் பேங்கா இல்லையா என்று அயல்நாட்டு அதிகாரி குழம்புவான் என்பதால், பேங்கு ஸ்டேட்மென்ட்டையே முதலில் வைக்கலாம் என்றாள் மகள்.

பேங்கு மேனேஜர் சின்னப் பையன். அச்சடித்து வந்த காகிதக் கத்தையைத் தட்டி அடுக்கும்போது ஒரு பக்கத்தில் கண் நின்றுவிட்டது.

"சாரே, இதில் மீன் மாத்திரமே உள்ளல்லோ!"

உண்மைதான். முன்பெல்லாம் மீன்காரிக்குச் சில்லறை கொடுத்தால் அது அவளோடு போய்விடும். இப்போது அவள் கூடையின் பக்கத்தில் ஒரு க்யூஆர் அட்டை ஒட்டியிருக்கிறாள். சாளைக்கு 100. நெத்திலிக்கு 60. மறுநாளும் சாளைக்கு 100. நடுவில் மின்சார பில், காஸ், பால், ரப்பர் வெட்டுக்காரனுக்குக் கூலி. மறுபடி சாளை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் நெய்மீனுக்கு 640. அன்றைக்கு மச்சினன் குடும்பத்தோடு வந்திருந்தான் என்பது எனக்குத் தெரியும், இனி இங்கிலாந்துக்கும் தெரியும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் மிச்சம் என்ன என்று எழுதியிருந்தது. மாதக் கடைசியில் அந்த மிச்சம் நெய்மீனைப் பார்த்து ஒதுங்கிப் போகிற அளவில் இருந்தது.

இதைக் கொண்டுபோய்க் காட்டினால் விசா தரமாட்டார்கள். மீன் வேண்டுமானால் அனுப்பிவைப்பார்கள்.

எங்கள் ஆட்கள் பேங்கில் பணம் வைக்காததற்கு ஒரு சரித்திரம் உண்டு. அதை விசா அதிகாரிக்கு எழுதப் படிவத்தில் இடம் இல்லை, அதனால் உங்களிடம் சொல்லுகிறேன். திருவிதாங்கூர் ராஜ்யத்தில் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலோன் பேங்க் என்று பெரிய பேங்கு ஒன்று இருந்தது. இரண்டு பேங்குகள் 1937இல் சேர்ந்து உண்டானது. மறு வருடமே, 1938 ஜூனில், வாசலை அடைத்துவிட்டது. அதை நடத்திய கே.சி. மாம்மன் மாப்பிள்ளையும் சி.பி. மாத்தனும் சிறைக்குப் போனார்கள். திவான் சர் சி.பி. ராமசாமி ஐயருக்கு அவர்கள்மேல் இருந்த பகைதான் பேங்கைக் கவிழ்த்தது என்று ஒரு கட்சி, கணக்கே கோளாறு என்று இன்னொரு கட்சி, இன்றைக்கும் தீரவில்லை. மாம்மன் மாப்பிள்ளையின் மகன் சென்னைக்குப் போய் 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்ய ஆரம்பித்தார். அதுதான் வளர்ந்து எம்.ஆர்.எஃப். டயர் ஆனது. பேங்கு மூழ்கியது, ரப்பர் மிதந்தது. இந்தப் பக்கத்துப் பாட்டாமார் இதிலிருந்து கற்க வேண்டியதைச் சரியாகக் கற்றார்கள்: பணத்தைப் பேங்கில் போடாதே, மரத்தில் போடு.

சந்தேகம் இருந்தவர்களுக்கு 1960இல் இன்னொரு பாடம் கிடைத்தது. பாலா ஊரில் இருந்த பாலை சென்ட்ரல் பேங்க் அந்த ஆகஸ்டில் மூடியது. அதன் பிறகுதான் இந்தியாவில் 1962 ஜனவரி 1 முதல் டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் வந்தது. அன்றைக்கு 1,500 ரூபாய் வரைக்கும், 2020 முதல் ஐந்து லட்சம் வரைக்கும். நாடு முழுவதும் இந்த இன்ஷூரன்ஸை அனுபவிக்கிறது. அடி வாங்கியதில் எங்கள் பக்கத்துப் பங்கு பெரிது. சரி, எதுவும் ஆகாது என்று அரசாங்க பேங்காகப் பார்த்து ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவிதாங்கூர் என்கிற எஸ்.பி.டி.யில் போட்டார்கள். 2017 ஏப்ரல் 1 அன்று அது எஸ்.பி.ஐ.யோடு சேர்ந்துவிட்டது. பணம் பத்திரமாகத்தான் இருந்தது, பேங்கைத்தான் காணோம். எங்கள் வீட்டுக் கிழவிகள் இன்னும் பழைய பாஸ்புக்கைத்தான் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்கள்.

விசா விஷயம் ஊரில் தெரிந்ததும் ஆலோசனைகள் வரத் தொடங்கின. ரப்பர் ஷீட் எடுக்கிற கடைக்காரர், ஒரு லோடு விலையை முன்பணமாகக் கணக்கில் போட்டுத் தருகிறேன், விசா வந்ததும் திருப்பிக் கொடு என்றார். மச்சினன் அதையும் தாண்டினான்.

"அத்தான், ஒரு அஞ்சு லட்சம் நான் போட்டுத்தாறேன். காட்டிட்டுத் திருப்பித் தந்தாப் போதும்."

ஐந்து லட்சம் அவனிடம் இருந்தது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. கேட்டுக்கொண்டிருந்த மயினி முகத்தைப் பார்த்தால் அவளுக்கும் அன்றுதான் தெரிந்தது. விசா கிடைக்குமோ இல்லையோ, அவர்கள் வீட்டில் அன்று ஒரு விசாரணை நடந்தது.

வேறு ஒருவர் காதில் சொன்னது இன்னும் சுவாரசியம். படிக்கப் போகிற பிள்ளைகளுக்குப் பணம் காட்டிக் கொடுக்க ஆள் இருக்கிறதாம். பிள்ளையின் பேரிலோ அப்பன் பேரிலோ தொகையைப் போடுவார்களாம். இங்கிலாந்துக்கு என்றால் 28 நாள். ஒரு நாளும் குறையாமல் அந்தத் தொகை அசையாமல் கிடக்க வேண்டும், அது முடிந்த 31 நாளுக்குள் விண்ணப்பம் போக வேண்டும். பிறகு பணம் வட்டியோடு உருவப்பட்டு அடுத்த பிள்ளையின் கணக்குக்குப் போகும். ஒரே பத்து லட்சம் ஒன்றன்பின் ஒன்றாக எத்தனை பிள்ளைகளைக் கரையேற்றியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அது அனுப்பியவர்கள் பர்மிங்ஹாமிலும் டொரண்டோவிலும் இருக்கிறார்கள். அந்தப் பணம் மட்டும் பாவம், தாலுகாவைத் தாண்டியதில்லை. மாட்டிக்கொண்டால் பிள்ளைக்குப் பல வருடம் தடை. கடன் கொடுத்தவனுக்கு ஒன்றும் இல்லை.

இந்த வித்தைகளை எல்லாம் அந்த நாட்டுக்காரர்களும் அறிவார்கள். அதனால் வருடத்துக்கு வருடம் கம்பை உயர்த்துகிறார்கள். கனடாவில் படிக்கப் போகிறவர் ஒரு வருடச் செலவுக்குக் காட்ட வேண்டிய பணம் வெகுகாலம் 10,000 கனடா டாலராக இருந்தது. 2024 ஜனவரியில் அது ஒரே தாவலில் 20,635 ஆனது, 2025 செப்டம்பரில் 22,895. ஆஸ்திரேலியா 2024 மே மாதத்தில் 29,710 ஆஸ்திரேலிய டாலராக ஏற்றியது. எல்லாரையும்விட விவரமானவன் ஜெர்மன்காரன். காட்டினால் போதாது, கட்டிப்போடு என்கிறான். 11,904 யூரோவை ஒரு கணக்கில் போட்டுப் பூட்ட வேண்டும். அங்கே போன பிறகு மாதம் 992 மட்டும் அவிழ்த்து விடுவான். எங்கள் ஊரில் மகனுக்குக் கடை வைத்துக் கொடுக்கிற அப்பன்மார் இதைப் படித்தால் நாளைக்கே அமல்படுத்துவார்கள்.

பணம் காட்டச் சொல்லுகிற வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. 1908இல் கனடா ஒரு உத்தரவு போட்டது: ஆசியாவிலிருந்து வருகிறவன் கையில் 200 டாலர் இருக்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வருகிறவனுக்கு அதில் சின்னப் பங்கு போதும். கூடவே, சொந்த நாட்டிலிருந்து இடையில் நிற்காமல் நேராக வர வேண்டும் என்று இன்னொரு உத்தரவு. அப்படி வர இந்தியாவிலிருந்து கப்பலே கிடையாது. 1914இல் கோமகாட்டா மாரு கப்பல் 376 பேரோடு வான்கூவர் போய், இரண்டு மாதம் கடலிலேயே நின்று, பெரும்பாலானவர்கள் இறங்க முடியாமல் திரும்பி வந்தது. அதோடு பார்த்தால் எங்கள் மீன் ஸ்டேட்மென்ட் விவகாரம் ஒன்றுமே இல்லை.

அதே காலத்தில் நம்மவர்கள் இலங்கைத் தோட்டங்களுக்கு எதைக் காட்டிக்கொண்டு போனார்கள் தெரியுமா? கடனை. தென்திருவிதாங்கூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் போன கூலிகள் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், கங்காணி கையில் ஒரு துண்டு இருக்க வேண்டும். இந்தக் கூட்டத்துக்கு இவ்வளவு கடன், அதைத் தீர்த்தால் விடுவிக்கிறோம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சீட்டு அது. கடன் எவ்வளவோ அவ்வளவுக்கு ஆளைப் பிடித்துவைக்கலாம். அந்தத் துண்டு முறையை ஒழிக்க 1921 ஆனது. துண்டு இன்றும் இருந்திருந்தால் ஆரியங்கோட்டுக்காரர்கள் உலகத்தில் எந்த நாட்டுக்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகலாம். கூட்டுறவுச் சங்கத்தில் ஒன்று, நகைக்கடன் ஒன்று, சிட்டி ஜாமீன் ஒன்று என்று ஆளுக்கு மூன்று துண்டு கைவசம் இருக்கிறது.

நம்முடைய அரசாங்கமும் லேசுப்பட்டதல்ல. வெளிநாடு போகிற இந்தியன் எட்டு டாலருக்கு மேல் எடுத்துப் போகக்கூடாது என்று வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. இப்போது வருடத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம் என்கிறார்கள். எட்டு டாலர் காலத்தில் எங்களிடம் எட்டு டாலர் இல்லை. இரண்டரை லட்சம் காலத்திலும் நிலைமை அவ்வளவாக மாறவில்லை.

மச்சினன் பணமும் வேண்டாம், ஷீட் கடைப் பணமும் வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள். மிச்சம் குறைவாக இருப்பதைவிடத் திடீரென்று பெரிய தொகை வந்து விழுவதுதான் அதிகாரிக்குக் கண்ணில் உறுத்துமாம். எங்கிருந்து வந்தது என்று காகிதம் இல்லாத பணம், இருந்தும் இல்லாத பணம்.

அப்போதுதான் என் வீட்டுக்காரி, "நம்ம சிட்டி கெடக்குல்ல?" என்றாள்.

கெடந்தது. 50 மாதம், மாதம் 10,000, ஐந்து லட்சம் ரூபாய்ச் சிட்டி. கேரளத்தில் அரசாங்கமே சிட்டி நடத்துகிறது; 1969 முதல் கே.எஸ்.எஃப்.இ. என்று ஒரு கம்பெனி. எனவே காகிதத்துக்குக் குறைவில்லை. ஏலத்தில் விளித்து, தள்ளியது போக, ஐந்து சதவீதக் கமிஷன் போக, நாலு லட்சத்துச் சில்லறை கணக்கில் வந்து விழுந்தது. இனி அது என்ன பணம் என்று அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். வாழ்நாள் முழுக்க அரசாங்கக் கடிதம் எழுதியவன் நான். உட்கார்ந்து எழுதினேன்:

"ஐயா, நாங்கள் 50 பேர். மாதந்தோறும் ஆளுக்கு 10,000 ரூபாய் போடுவோம். சேருகிற ஐந்து லட்சத்தை ஏலம் விடுவோம். யார் அதிகமாக நஷ்டப்படச் சம்மதிக்கிறாரோ அவருக்கே பணம். அவர் நஷ்டப்பட்டதை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்வோம். இந்த மாதம் அதிகம் நஷ்டப்பட்டவன் நான். இதை நடத்துவது அரசாங்கம்."

வீடியோவில் வாசித்துக் காட்டினேன். மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன்.

"அப்பா, இதப் படிச்சா அவன் சூதாட்டம்னு நெனப்பான். கடைசி வரியப் படிச்சா அரசாங்கமே சூதாடுதுன்னு நெனப்பான்."

அதில் இன்னொரு வில்லங்கமும் இருந்தது. சிட்டி பிடித்தவருக்குச் சட்டத்திலேயே ஆங்கிலத்தில் பிரைஸ்டு சப்ஸ்கிரைபர் என்றுதான் பெயர். 1982இல் டெல்லியில் போட்ட சிட் ஃபண்ட் சட்டத்திலும் அதுதான். கையில் இருந்த காகிதத்தில் பிரைஸ் மணி என்று அச்சாகியிருந்தது. கேரள அரசாங்கம் 1967 முதல் லாட்டரியும் நடத்துகிறது என்பது அந்த அதிகாரிக்குத் தெரிந்திருந்தால் முடிந்தது கதை. உழைத்துச் சேர்த்த பணத்துக்குப் பரிசு விழுந்த பணம் என்று முத்திரை. கடைசியில் மகளே இரண்டு வரி எழுதினாள்: அரசு நிறுவனத்தின் சேமிப்புத் திட்டத்தில் மாதாமாதம் கட்டிப் பெற்ற தொகை, தவணை கட்டிய ரசீதுகள் இணைப்பு. என் முழுச் சர்வீஸிலும் அப்படி ஒரு சுருக்கமான கடிதம் எழுத என்னை யாரும் அனுமதித்ததில்லை.

பணம் வந்தாயிற்று. அதை அசையாமல் வைத்திருப்பதுதான் தவம். சேமிப்புக் கணக்குக்கு வட்டி இரண்டரை சதவீதம். 2025 ஜனவரியில் கேரளத்தில் பவுன் 60,000 ரூபாயைத் தாண்டியது. அந்த வருடம் முடிவதற்குள் 90,000ஐயும் தாண்டியது. என் வீட்டுக்காரி காலையில் பத்திரிகை வந்ததும் முதலில் பவுன் விலையைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். தேங்காய் துருவுகிற சத்தம் மட்டும் கொஞ்சம் கூடும். ஒரு நாள் வாய்விட்டே சொன்னாள்: "மகளப் பாக்கப் போறதுக்கு எனக்க ரெண்டு வளையல் செலவாச்சு. இன்னும் டிக்கெட் எடுக்கல்ல."

அவள் கணக்கு சரியாகவே இருந்தது.

இதற்கிடையில் எங்கள் கணக்கில் பணம் கிடக்கிறது என்ற செய்தி எப்படியோ பரவியது. பரவாமல் இருந்தால்தான் ஆச்சரியம். சித்தப்பா மகனுக்கு வீடு கான்கிரீட் போட வேண்டும். சர்ச் பெருநாள் கமிட்டி வந்தது. பழைய வெட்டுக்காரன் ஒருவன், நான் அவனுக்குக் கொடுக்க மறந்த ஒரு பாக்கியை நினைவுபடுத்தினான். எல்லாரிடமும் ஒரே பதில் சொன்னேன்: "அது எனக்க பணம் அல்ல, பிரிட்டீஷ்காரன் பாக்கதுக்கு வச்சிருக்கு." காட்சிக்கு வைத்த பொருளைத் தொடக்கூடாது என்பது எங்கள் ஆட்களுக்குப் புரிந்தது. கடன் கேட்டவனை வருத்தப்படாமல் அனுப்ப இதைவிட நல்ல காரணம் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை.

பணம் இருந்தால் மட்டும் போதாது, திரும்பி வருவீர்கள் என்பதற்கும் சாட்சி வேண்டும். அதற்கு நிலம் இருக்கிறது என்று கரம் தீர்த்த ரசீதை எடுத்துக்கொண்டு நெய்யாற்றின்கரையில் ஒரு ஆடிட்டரிடம் போனோம். சொத்து மதிப்புச் சான்று எழுத வேண்டும். "ரப்பர் எத்தனை மரம்? வெட்டுகிற மரமா, தைமரமா?" என்று கேட்டார். "வெட்டுகிற மரம்" என்றேன். 2024 ஆகஸ்டில் ஷீட் கிலோவுக்கு 240 ரூபாயைத் தாண்டியதும், பிறகு இறங்கியதும் அவருக்குத் தெரிந்திருந்தது. எந்த விலையைப் போடுவது என்று யோசித்தார். அதிக விலை போடுங்கள் என்றேன் நான். குறைத்துப் போட்டால்தான் நம்புவார்கள் என்றார் அவர். கடைசியில் மரத்தை விட்டுவிட்டு மண்ணை மட்டும் எழுதினார். நான் திரும்பி வருவதற்கு உண்மையான காரணம் அந்தச் சான்றில் இல்லை. ஆள் இல்லாத வீட்டில் ஒட்டுப்பால் எப்படி மறையும் என்பது ரப்பர் வைத்திருக்கிற எவனுக்கும் தெரியும். அதைப் பார்த்துக்கொள்ள நான் வராமல் இருப்பேனா?

பெயர் விஷயத்தில் கொஞ்சம் அலைச்சல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கிறது, பேங்கில் ஒற்றை எழுத்து, நிலப் பத்திரத்தில் வீட்டுப் பெயரும் சேர்ந்து மூன்றாவது ஆள். 1956 நவம்பர் 1 அன்று கல்குளமும் விளவங்கோடும் மதராசுக்குப் போயின, நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. அன்றைக்கு முதல் நாங்கள் வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம், படிவத்தில் ஆங்கிலம். ஒரே ஆள் மூன்று எழுத்தில் மூன்று மாதிரி இருப்பது எங்களுக்குப் பழக்கம். மூவரும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் சத்தியம் செய்து அட்சயா இ-சேவை சென்டரில் ஸ்கேன் செய்து ஏற்றினோம். அங்கே இருந்த கொச்சுப்பெண், "அங்கிளே, எல்லாரும் இதுதானே கொண்டு வருகிறார்கள்" என்று ஆறுதல் சொன்னாள்.

கட்டணம் அப்போது ஆளுக்கு 127 பவுண்டாக இருந்தது. விசா கிடைக்காவிட்டாலும் அது திரும்பி வராது. அங்கே மட்டும் பணம் அசையலாம்.

விரல் ரேகை கொடுக்கக் கொச்சிக்குப் போனோம். என் ரேகை உடனே பதிந்தது. வாழ்நாள் முழுக்கப் பேனா பிடித்த கை. அவள் ரேகைதான் பதியமாட்டேன் என்றது. ஷீட் அடிக்கிற ஆசிட், மரச்சீனி, விறகடுப்பு, பாத்திரம் என்று எத்தனையோ வருடம் தேய்ந்த விரல். மெஷினில் வைக்க வைக்கச் சிவப்பு விளக்கு எரிந்தது. அங்கே இருந்த பெண் பொறுமையாகத் துணி கொடுத்துத் துடைக்கச் சொல்லி, அழுத்தச் சொல்லி, ஒருவழியாகப் பதிய வைத்தாள். நாலு லட்சத்துக்கு அத்தனை காகிதம் காட்டினோம். அதைச் சேர்த்த விரலுக்கு ஒரு அத்தாட்சியும் கேட்கவில்லை.

விசா வந்தது. இரண்டு பேருக்கும். மீனைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. எங்கள் கணக்கில் அதுவரை காணாத அளவுக்கு நீண்ட நாள் உறங்கிய அந்தப் பணத்தில், டிக்கெட் போக மிச்சத்தை மறு வாரமே என் வீட்டுக்காரி நகைக்கடைக்கு அழைத்துப் போனாள். அன்றைய விலைக்கு ஒன்றரை வளையல்தான் வந்தது. பாக்கி அரை வளையல் இங்கிலாந்து அரசாங்கத்தின் பேரில் அவள் மனக்கணக்கில் நிற்கிறது.

ஆகவே, மகனோ மகளோ வெளிநாட்டில் இருக்கிற பாறசாலை, வெள்ளறடை, ஆரியங்கோட்டுப் பெற்றோர்களே: சிட்டி பிடிக்கிறதானால் விண்ணப்பம் போடுவதற்கு ஆறு மாதம் முன்னாலேயே பிடியுங்கள். தவணை ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். வாடகைப் பணம் காட்டாதீர்கள். சித்தப்பா மகனிடம் சொல்லாதீர்கள். மீன்காரிக்கு மட்டும் சில்லறையாகவே கொடுங்கள்.